உருண்டையைச் சுழற்றியது போதும், ஊரை அளக்க விடுங்கள்

புவியியல் வகுப்பைத் தொழில்நுட்பம் தலைகீழாக மாற்றிவிட்டது என்கிறார்கள். எப்படி மாற்றியது என்று கேட்டால் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் சொல்கிறார்கள். திறன்பலகையில் பூமி உருண்டை சுழல்கிறது. ஆசிரியர் கூகுள் எர்த்தில் அமேசான் காட்டுக்கு ஒரு தாவு தாவுகிறார், அங்கிருந்து எவரெஸ்டுக்கு இன்னொரு தாவு. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். மணி அடித்ததும் பலகை அணைகிறது. இதைத் தனியார் பள்ளிகள் விளம்பரத்தில் போடுகின்றன, அரசு சாதனைப் பட்டியலில் சேர்க்கிறது. சுவரில் தொங்கிய துணி வரைபடமும் வாத்தியார் கையிலிருந்த குச்சியும் செய்த அதே வேலைதான் இது. மின்சாரம் மட்டும் கூடுதல்.

எனக்கு இதோடு சண்டை இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில் இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன். கையில் இருப்பது இரண்டு பழைய மடிக்கணினி, பிள்ளைகள் வீட்டில் கெஞ்சி வாங்கிவரும் கைப்பேசிகள், ஐம்பது மீட்டர் அளவு நாடா ஒன்று. அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன். வரைபடத்தைப் பார்க்க மட்டும் கற்றுத்தரும் வகுப்பு, யாரோ வரைந்த உலகத்தை அப்படியே ஒப்புக்கொள்ளப் பழக்கும் வகுப்பு. உழைக்கும் சாதிகளின் பிள்ளைகளுக்குத் தேவை வரையவும், அளக்கவும், அளந்ததை அதிகாரியின் மேசையில் வைக்கவும் தெரிவது. அதைத்தான் பள்ளிக்கூடம் தர மறுக்கிறது.

முதலில் பெயர்களைப் பாருங்கள். பெசன்ட் நகர் என்பது அன்னி பெசன்ட் பெயரால் வந்தது. ஒல்காட் குப்பம் என்பது கர்னல் ஒல்காட் பெயரால் வந்தது. இருவரும் பக்கத்திலேயே பெரிய மதிலுக்குள் இருக்கும் பிரம்மஞான சபையின் தலைவர்களாக இருந்தவர்கள். ஒல்காட் 1894இல் தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றபோது துணை நின்றவரும் அவர்தான். அன்னி பெசன்ட் 1909இல் ‘இந்தியன் ரிவ்யூ’ இதழில் என்ன எழுதினார்? ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக்கூடாது, அவர்கள் உடம்பே அதற்குத் தகுதியாக இல்லை என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் அந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக் கிழித்திருக்கிறார். வீட்டு வசதி வாரியம் மனை போட்ட பகுதிக்கு ‘நகர்’ என்ற பட்டத்தோடு அவர் பெயர். பள்ளி கட்டியவர் பெயர் ‘குப்பம்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. கைப்பேசி வரைபடத்தில் இரண்டும் சாதுவான எழுத்துகளாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பெயர்ப் பலகையை வைத்தே ஒரு மாதப் பாடம் நடத்தலாம். யாரும் நடத்துவதில்லை.

அடுத்து, அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. பாடநூலில் வருகிறது, பிள்ளைகள் உருப்போடுகிறார்கள், தேர்வில் குழப்புகிறார்கள், மதிப்பெண் போகிறது. 13 பாகை வடக்கு அட்சக்கோடு ஏறக்குறைய இந்தக் குப்பத்தை ஒட்டித்தான் போகிறது. அதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதைவிடப் பெரிய கூத்து, இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஃபைபர் படகில் கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவியோடு கடலுக்குப் போகிறவர்கள். மீன் கிடைத்த இடத்தைக் கருவியில் குறித்து வைத்து, அடுத்த முறை அதே இடத்துக்கு இருட்டில் போய்ச் சேருகிறார்கள். கருவி வருவதற்கு முன்னால் கரையில் தெரியும் கோபுரம், விளக்கு, மரம் என்று இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கோடு பிடித்து, இரண்டு கோடு வெட்டும் இடத்தில் வலை விட்டார்கள் தாத்தாக்கள். பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை இருக்கிறதே, இந்தியாவையே அளந்த அந்த வித்தையும் தூரத்துக் குறிகளைப் பார்த்து இடத்தைக் கணிப்பதில்தான் நிற்கிறது. லாம்டன் பாடநூலில் இருக்கிறார். தாத்தா இல்லை. ‘எங்கப்பா டெய்லி பண்றதுதான் அக்கா இது’ என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்தது அறிவு வந்த வெளிச்சம் என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. கொஞ்சம் கோபம்தான் தெரிந்தது. இத்தனை நாள் இதை ஏன் மறைத்தீர்கள் என்ற கோபம்.

கூகுள் மேப்ஸைத் திறந்து குப்பத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். வணிக வரைபடத்தில் ஓர் இடம் முளைக்க வேண்டுமென்றால் அதற்குக் கடைப் பெயர், தொலைபேசி எண், திறக்கும் நேரம், நட்சத்திர மதிப்பு எல்லாம் வேண்டும். வலை பின்னும் மணலுக்கு ஏது திறக்கும் நேரம்? கருவாடு காயப்போடும் இடத்துக்கு யார் நட்சத்திரம் கொடுப்பார்கள்? படகை இழுத்து ஏற்றும் கரை, விடியலில் மீனை ஏலம் விடும் இடம், பெண்கள் கூடையோடு உட்காரும் நிழல், இவை எல்லாம் வரைபடத்தில் வெறும் மஞ்சள் மணல். காலியிடம். காலியிடத்துக்கு என்ன ஆகும் என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை போடத் திட்டம் வந்தபோதும், உடைந்த பாலத்தின் வழியாகப் பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் இணைக்கலாம் என்ற யோசனை திரும்பத் திரும்பக் கிளம்பும்போதும், கோடு போடுகிறவர் கண்ணுக்கு இந்தக் கரை காலியாகத்தான் தெரிகிறது.

ஆகவே நாடாவை எடுத்துக்கொண்டு நடந்தோம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று இருக்கிறது, விக்கிபீடியா மாதிரி யாரும் சேர்க்கலாம், திருத்தலாம். க்யூஜிஐஎஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அளந்ததை அடுக்கடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. ஒன்றுக்கும் காசு இல்லை. முதல் வாரம் பையன்கள் மட்டும் போய்க் குறித்து வந்தார்கள். படகு, வலை, எல்லையம்மன் கோயில், கிரிக்கெட் ஆடும் இடம். பெண் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் தனியாகப் போனார்கள். தண்ணீர் லாரி நிற்கும் இடம், கழிப்பறை, அதற்குப் போகும் வழியில் விளக்கு எரியாத கம்பம், அம்மா மீன் விற்கும் இடம், குடித்துவிட்டு ஆட்கள் உட்காருவதால் சுற்றிப் போக வேண்டிய சந்து. ஒரே குப்பத்துக்கு இரண்டு வரைபடம். சாதியை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் சொன்னதை மட்டும் ‘மக்கள் வரைபடம்’ என்று போடும் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் வகுப்பறை விளையாட்டு முடிந்து வயிற்றுப்பாடு தொடங்குகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கணக்கில் எடுக்கிறது. எங்கே எதைக் கட்டலாம், எங்கே கூடாது என்பதை மாநிலம் தயாரிக்கும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் தீர்மானிக்கிறது. மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொதுச் சொத்துகள், மீன் காயவைக்கும் தளங்கள், அடிப்படை வசதிகள் எல்லாம் அந்த வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது. 2019இல் அறிவிக்கை மாறியது. அதன்படி தயாரித்த வரைவு வரைபடங்களுக்கு 2023 ஆகஸ்டில் கருத்துக்கேட்பு நடந்தபோது சென்னை மீனவர்கள் எழுந்து கேட்டது என்ன? எங்கள் ஊர் எங்கே, எங்கள் தொழிலிடம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இதை விளங்கிக்கொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். 1:25,000 அளவையில் வரைந்தால் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அப்படியானால் பதினைந்து மீட்டர் நீளமுள்ள வலை பின்னும் இடம் தாளில் எவ்வளவு? அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பென்சில் முனை வைத்தால் மறைந்துவிடும். அதையே 1:4,000 அளவையில் போட்டால் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம். எந்த அளவையில் வரைவது என்று தேர்ந்தெடுத்த நொடியிலேயே யார் தெரிவார்கள், யார் மறைவார்கள் என்பது முடிவாகிவிடுகிறது. ‘பெரிய அளவை வரைபடம், சிறிய அளவை வரைபடம் - வேறுபடுத்துக’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக இதைக் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்களே, அந்த இரண்டு மதிப்பெண்ணில் ஒரு குப்பமே இருக்கிறது.

வரைபடம் பொய் சொல்லுமா என்று கேட்பவர்கள் எண்ணூர் வரை போய்வர வேண்டும். 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. பிறகு மாநில அதிகாரிகள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எடுத்துக் கொடுத்த வரைபடத்தில் அதில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பைக் காணவில்லை. 2017இல் இது அம்பலமானது. நண்டும் இறாலும் பிடித்துக்கொண்டிருந்த ஆற்றை ஒரு தாளில் தரையாக்கிவிட்டார்கள். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது வெளியே வந்தது. கடற்கரைப் பொதுநிலங்களை ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அளந்து ஆவணமாக்கியவர்களில் ஊரூர் குப்பத்து மீனவர்களும் உண்டு. பட்டம் பெற்ற நிபுணர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய கோட்டைத் தப்பு என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் வழியாகப் போகக்கூடாதா?

குப்பத்தைத் தாண்டி நம் கிராமங்களுக்குப் போனால் நிலைமை இன்னும் அசிங்கம். பாடநூலில் ‘குடியிருப்புகள்’ என்று ஒரு பாடம் வரும். குழுமிய குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு, நீள் வடிவம், வட்ட வடிவம், நட்சத்திர வடிவம். ஆற்றோரம், சாலையோரம், மேட்டு நிலம் என்று காரணம் எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டில் ஊர் ஏன் ஒரு பக்கமும் சேரி ஏன் இன்னொரு பக்கமும் இருக்கின்றன என்ற காரணம் மட்டும் இருக்காது. நட்சத்திர வடிவத்தில் எத்தனை கிராமத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? சேரி இல்லாத கிராமம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? கண்ணெதிரே இருக்கும் புவியியலை விட்டுவிட்டு இல்லாத வடிவத்தை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பெயர் கல்வியா?

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, நீக்கட்டும். ஆனால் பெயரை அழித்தால் தூரம் குறையாது. அந்தத் தெருவிலிருந்து நியாயவிலைக் கடை எத்தனை மீட்டர், மேல்நிலைத் தொட்டி எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை யார் வயல் வழியாகப் போகிறது, பேருந்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அளந்து போட்டால், அது எந்த அரசாணையையும்விட உண்மையைச் சொல்லும். உத்தபுரத்தில் 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவர் அதுவரை எத்தனை வரைபடங்களில் இருந்தது? மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று விழுந்து 17 தலித் மக்களைக் கொன்ற சுவர் எந்த வரைபடத்தில் இருந்தது? ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சுவர் என்பதற்குத் தனிக் குறிச்சொல்லே இருக்கிறது. நீளம், உயரம் எல்லாம் போடலாம். வரைவதற்குத்தான் ஆளில்லை.

நகரத்தில் சாதி எங்கே என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதே வகுப்பு உதவும். இந்தியப் பெருநகரங்களில் சாதிவாரியான குடியிருப்புப் பிரிவினையைப் பற்றி பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்திலிருந்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வார்டு வார்டாகப் பார்த்தால் எல்லாரும் கலந்து வாழ்வதுபோல் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு தொகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கலப்பு உடைந்துபோகிறது. மறுபடியும் அளவைதான். பெசன்ட் நகரும் குப்பமும் ஒன்றாகக் கணக்கில் வரும்போது கிடைக்கும் சராசரி வருமானத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சராசரி வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. இயக்கத் தோழர்களே கேட்கிறார்கள். ‘வரைபடத்தில் ஏற்றினால் புல்டோசருக்கு வழி காட்டுவதாகாதா? கண்ணில் படாமல் இருப்பதே ஏழைக்குப் பாதுகாப்பு இல்லையா?’ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் வரும்தான். எனக்கும் உண்டு. ஆனால் அப்புறப்படுத்துகிறவர்களிடம் எப்போதும் வரைபடம் இருக்கிறது. கூவம் கரை, அடையாறு கரை என்று கோடு போட்டு, வீட்டுக்கு எண் எழுதி, பட்டியல் தயாரித்துவிட்டுத்தான் அவர்கள் வருகிறார்கள். வரைபடம் இல்லாமல் நிற்பது நாம் மட்டும்தான்.

அதற்காக எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் முதல் விதியே, எது வெளியே போகும், எது நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கும் என்று குப்பத்தில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவது. கடலில் மீன்பிடிக்கும் புள்ளிகள் எந்த வரைபடத்திலும் ஏறாது. அது அவர்களுடைய தொழில் ரகசியம், விசைப்படகுக்காரருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கும் பொருள் அல்ல. யார் வீடு எந்தச் சாதி என்று பொதுவெளியில் குறிப்பதும் கிடையாது; ஆணவக் கொலைகள் நடக்கும் நாட்டில் அது கொலைகாரனுக்குக் கொடுக்கும் முகவரி. தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை பற்றி இந்தப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால், கைப்பேசிச் செயலி கேட்கும் அனுமதிக்கெல்லாம் ‘ஓகே’ அழுத்தும் நமக்கு வெட்கமாக இருக்கும்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1960களின் இறுதியில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும் க்வெண்டலின் வாரன் என்ற கறுப்பின இளம்பெண்ணும் சேர்ந்து, கறுப்பின இளைஞர்களுக்கு வரைபடக் கலையைக் கற்பித்தார்கள். அவர்கள் வரைந்த ஒன்று, வெள்ளையர் புறநகரிலிருந்து அலுவலகம் போகும் வண்டிகள் கறுப்பினக் குழந்தைகளை எங்கெங்கே அடித்துப்போட்டன என்ற வரைபடம். வரைந்த பிறகு அதை ‘விபத்து’ என்று சொல்ல முடியவில்லை. ஓஹையோ மாநிலம் சேன்ஸ்வில்லில் கோல் ரன் என்ற கறுப்பினக் குடியிருப்புக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் குடிநீர்க் குழாய் தரப்படவில்லை, பக்கத்து வெள்ளையர் வீடுகளுக்குத் தரப்பட்டது. குழாய் போகும் பாதையையும் வீடுகளையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிக் காட்டியது வழக்கில் வலுவான ஆதாரமானது. 2008இல் சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கென்யாவின் கிபேராவில் 2009இல் அங்கிருந்த இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து, அதுவரை வெற்றிடமாக இருந்த தங்கள் ஊரை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு சேன்ஸ்வில் வழக்கைப் படியுங்கள், எனக்கு ஏன் எரிகிறது என்று தெரியும்.

இங்கே முடியாதா? கேரளத்தில் பள்ளித் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே க்யூஜிஐஎஸ் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைவைத்துப் பழகுகிறார்கள். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புப் புவியியலில் தொலை நுண்ணுணர்வும் புவித் தகவல் அமைப்பும் பாடமாகவே இருக்கின்றன, செயற்கைக்கோள்களின் பெயர்ப் பட்டியலோடு. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினிகளும் வந்துவிட்டன. இல்லாதது, பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பி ‘உன் தெருவை அளந்து வா’ என்று சொல்லும் துணிச்சல். ஏனென்றால் அளந்து வந்தால் கேள்வி வரும். புவியியல் என்பதே முதல் பிரிவில் இடம் கிடைக்காதவர்கள் எடுக்கும் பாடம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிலமற்றவர்களின் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் பாடத்தில் நிலத்தைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியராக இருக்கும் தோழர்கள், பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘அளவை’ பாடம் வரும்போது பள்ளியிலிருந்து சேரிக்கு எத்தனை எட்டு என்று எண்ணச் சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். நீர்வளம் பாடம் வரும்போது குழாய்களைக் குறிக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் செயல்திட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

எங்கள் வகுப்பில் இப்போது உயர் அலைக் கோட்டைப் பற்றிய சண்டை ஓடுகிறது. அந்தக் கோட்டை வரையறுக்கும் தேசிய மையம் இங்கிருந்து சில கிலோமீட்டரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. அவர்கள் கோட்டைத் திரையில் போட்டு, அதிலிருந்து 200 மீட்டர், 500 மீட்டர் என்று பட்டை இழுத்துப் பார்த்தோம். யார் வீடு உள்ளே, யார் வீடு வெளியே என்று பிள்ளைகளே எண்ணினார்கள். பிறகு ஒரு பெண், கார்த்திகை மாதத்தில் அலை அதற்கும் மேலே ஏறும் என்று தன் ஆயா சொன்னதாகச் சொன்னாள். இன்னொருத்தி, இல்லை, சுனாமி வருஷத்தைச் சேர்த்துச் சொல்கிறாள் என்றாள். ஆயாக்களை வைத்தே மணலில் கொம்பு நட்டு அளப்பது என்று முடிவாகியிருக்கிறது. நாடா ஐம்பது மீட்டர்தான் இருக்கிறது, நூறு மீட்டர் ஒன்று வாங்க வேண்டும்.